இரண்டரை நொடி

மஸ்கட்
அக்டோபர் 6

அண்ணா,

ஸலாம். நான்கு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. உம்மாவிடம் கேட்டால் "அவன் வண்டியில இருக்கான்" என்கிறாள். எந்நேரமும் வண்டியிலேயே இருக்கிற மனிதனுக்கு மின்னஞ்சல்தான் சரி என்று எழுதுகிறேன். நோயாளிகளை உள்ளே விட்டுவிட்டு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாய் அல்லவா, அப்போது படி.

பெருநாள் சாப்பாட்டில் நான் சொன்னது தப்பு. சோற்றுத் தட்டைச் சுற்றிச் சித்தப்பா குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது "வேன் ஓட்டுறவனுக்கு வெப்சைட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நீ மட்டும் என்ன, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? "உன் பக்கம் திறக்கறதுக்குள்ள ஒட்டகம் குட்டி போட்டுடும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தது யார்? நான் இரண்டு வருடமாகச் செய்த வேலை அது. கறித்துண்டை அப்படியே வைத்துவிட்டு நீ எழுந்து போனதை உம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

போகட்டும். நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். தரைப்பாலப் பக்கத்தை முழுக்க மாற்றிவிட்டோம். முன்பு அதன் எடை நான்கு எம்பி. பெரிய வரைபடம், அதிகாரிகளின் புகைப்படங்கள், அழகான எழுத்துரு, யாரும் பார்க்காத மூன்று வீடியோ. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். இப்போது தொண்ணூறு கேபி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று கேலி செய்வாய். எங்கள் தொழிலில் அதுதான் சாதனை. பக்கத்தின் முக்கியமான கட்டம், அதாவது எந்தத் தரைப்பாலம் திறந்திருக்கிறது, எது காட்டாறு வந்து மூடியிருக்கிறது என்ற பச்சை சிவப்புக் கட்டம், இரண்டரை நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது ஒப்பந்தம். நாங்கள் ஒரு நொடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். வேகச் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண். எங்கள் தலைவர் ஜைஃபர் கேக் வெட்டினார்.

மலைப்பாதையில் எப்படித் திறக்கிறது என்று ஒரு வரி எழுது. திட்டுவதாக இருந்தாலும் சரி.

நஸ்ரா


மருத்துவமனை, காத்திருப்புக் கூடம்
அக்டோபர் 21, செவ்வாய்

நஸ்ரா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஸலீமா டீச்சர்தான் விடவில்லை. அவளை உனக்குத் தெரியாது. என்னைப் போலவே நோயாளிகளுக்கு வேன் ஓட்டுகிற கல்ஃபானின் வண்டியில் வருகிறவள். முப்பத்து நாலு வயது, சர்க்கரையில் ஒரு காலும் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை. ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ஹாரிப், போனையே முறைச்சுப் பார்க்குறே? பொண்டாட்டியா?" என்றாள். தங்கச்சி என்றேன். "அப்போ பதில் போடு. பொண்டாட்டின்னா விட்டுடலாம், தங்கச்சி விடமாட்டா" என்றாள்.

சரி, போடுகிறேன். பக்கம் வேகமாகத்தான் திறக்கிறது. கல்குவாரி வளைவில் வண்டியை மெதுவாக்கி, போனைத் தொட்டேன். தொட்ட கை எடுப்பதற்குள் வந்துவிட்டது. கல்ஃபானுக்கு ஒரே குஷி. அவன் அதைப் போனில் திறந்தபடியே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறான், புகைப்படம் மாட்டுகிற மாதிரி. "உன் தங்கச்சி மூளைக்காரிடா, நீதான் எப்படிப் பொறந்தேன்னு தெரியல" என்கிறான். வாரத்தில் மூன்று நாள், போக வர ஆறு முறை அந்தக் கீழ்த் தரைப்பாலத்தைத் தாண்டுகிறோம். எங்களுக்கு அது பெரிய விஷயம்தான். பாராட்டு முடிந்தது.

இனிக் குறை. போன ஞாயிற்றுக்கிழமை வளைவில் பார்த்தபோது பச்சை. இறங்கிப் போனால் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவுக்குக் காட்டாறு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெய்திருக்கிறது. மூன்று மணி நேரம் கரையில் நின்றோம். வண்டியில் ஐந்து பேர், ஒருவருக்குக் கால் வீங்கி செருப்பு கழன்றுவிட்டது. யாரோ பொத்தானை அழுத்த மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொல்லி வை.

ஹாரிப்


மஸ்கட்
அக்டோபர் 23

அண்ணா,

நீ எழுதியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் தலைக்கு ஏறிவிடும், அதனால் சொல்லவில்லை. ஸலீமா டீச்சருக்கு என் நன்றியைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் பார்த்துவிட்டேன். பொத்தானை யாரும் அழுத்துவதில்லை, அண்ணா. ஆற்றின் மேல்பகுதியில் நட்டிருக்கும் அளவுக் கம்பம் நீர் ஏறியதும் தானாகவே தகவல் அனுப்பும். அந்த நீர் கீழே உங்கள் தரைப்பாலத்துக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்தப் பக்கமே இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு பத்துக்குக் கம்பம் தகவல் அனுப்பியது. ஏழு பத்தும் நான்கு நொடிக்கும் எங்கள் சர்வர் சிவப்பு காட்டிவிட்டது. பதிவு என் முன்னால் இருக்கிறது. எங்கள் பக்கம் தவறு இல்லை.

நீ ஏழு பத்துக்கு முன்னால் பார்த்திருப்பாய். அல்லது வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்திருக்கும். அல்லது மேல் தரைப்பாலத்தைப் பார்த்துவிட்டுக் கீழ்த் தரைப்பாலம் என்று நினைத்திருப்பாய். கோபப்படாதே. இப்படி நடப்பது சகஜம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தப் போனில் பார்த்தாய் என்று எழுதினால் ஜைஃபரிடம் காட்டி முடித்துவிடுவேன். இந்த மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்கு முன் புகார் எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்கிறார்.

நஸ்ரா


மருத்துவமனை
நவம்பர் 2, ஞாயிறு

நஸ்ரா,

எனக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு நிறத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். மேல் தரைப்பாலம் எது, கீழ் எது என்று நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம், நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் அதில் கழுதை ஓட்டியிருக்கிறேன். "வேன் ஓட்டுறவனுக்கு என்ன தெரியும்" என்பதைத்தான் இந்த முறை மரியாதையாக எழுதியிருக்கிறாய்.

கேட்டாய், சொல்கிறேன். ஏழு நாற்பது. கல்குவாரி வளைவு. மூன்று வருடப் பழைய போன். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. அந்த வளைவில் என்றைக்கும் இருந்ததில்லை. பக்கம் மட்டும் கண் சிமிட்டுவதற்குள் வந்தது, பச்சையாக.

எழுதிவிட்டு யோசிக்கிறேன். சிக்னலே இல்லாத இடத்தில் அது எப்படி வந்தது?

முன்பு என்ன நடக்கும் தெரியுமா? அந்த வளைவில் தொட்டால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒட்டகம் குட்டி போட்டுவிடும் என்று நான் சொன்னது அதைத்தான். சுற்றினால் என்ன செய்வோம்? வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பக்கத்து மேட்டில் ஏறுவோம். மேலே இரண்டு கோடு கிடைக்கும். அங்கே நின்று பார்த்துவிட்டு, பச்சை என்றால் இறங்கிப் போவோம். எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான். மேட்டில் கால் பட்டுப் பட்டு ஒரு தடமே விழுந்திருந்தது. இப்போது சுற்றுவதே இல்லை. யாரும் மேட்டில் ஏறுவதும் இல்லை.

வியாழக்கிழமை கல்ஃபான் பச்சையைப் பார்த்துவிட்டு நேராக இறங்கியிருக்கிறான். பாதித் தரைப்பாலத்தில் கதவு உயரத்துக்குத் தண்ணீர் வந்து இடித்திருக்கிறது. எப்படியோ பின்னால் எடுத்துவிட்டான். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். "ஸலீமா டீச்சர் ஓதுன ஓதுல தண்ணியே பயந்து திரும்பிடுச்சு" என்கிறான். ஸலீமா சிரிக்கவில்லை.

நீ பதிவைப் பார்க்காதே. நான் எழுதியிருப்பதைப் பார்.

ஹாரிப்


மஸ்கட்
நவம்பர் 5

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று மூன்று முறை படித்தேன். தப்பு எங்களுடையது. என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன். திட்டுவதை முடித்த பிறகு திட்டு.

பக்கத்தை எவ்வளவு இளைக்க வைத்தாலும் மலையில் ஆறு நொடி ஆனது. ஒப்பந்தம் இரண்டரை. அதனால் நான் ஒன்று செய்தேன். பக்கத்தை ஒருமுறை திறந்ததும் அதன் பிரதியைப் போனுக்குள்ளேயே வைத்துவிடுவது. அடுத்த முறை திறக்கும்போது சர்வரிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல், உள்ளே இருக்கும் பிரதியை உடனே காட்டிவிடுவது. பின்னால் புதுத் தகவல் வந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது. செய்தித்தாள், கடை, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். புதுத் தகவல் வராவிட்டால் பழையதே நிற்கும். நீ ஊரில் கிளம்பும்போது பார்த்த பச்சையைத்தான் வளைவில் மறுபடி பார்த்தாய்.

நீ கேட்பாய், எப்போதைய தகவல் என்று போட்டிருக்கக் கூடாதா என்று. போட்டிருந்தேன், அண்ணா. கட்டத்துக்கு மேலே "கடைசியாகக் கிடைத்தது இத்தனை மணிக்கு" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி மட்டும் ஒரு கணம் தாமதமாக வரும். வரும்போது கட்டத்தைக் கொஞ்சம் கீழே தள்ளும். பக்கம் இப்படிக் குதித்தால் மதிப்பெண்ணில் வெட்டுவார்கள். தொண்ணூற்றொன்றில் நின்றது. ஜைஃபர் என் மேசைக்கு வந்து, "இந்த ஒரு வரிதாம்மா இடிக்குது. யாரு மணி பார்க்கப் போறா? பச்சையா சிவப்பான்னுதானே பார்ப்பான்?" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. அந்த வரியை என் கையால் எடுத்தேன். தொண்ணூற்றேழு வந்தது. அன்றைக்குத்தான் கேக்.

சோதனை எல்லாம் நாங்கள் இந்த அலுவலகத்தில் செய்தோம். இங்கே நெட் போகவே போகாது. அதனால் பிரதி எப்போதும் ஒரு நொடியில் புதிதாகிவிடும். பழைய பச்சை என்ற ஒன்றை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை.

நேற்று ஜைஃபரிடம் சொன்னேன். "பார்வை முடியட்டும், டிசம்பர்ல பார்ப்போம்" என்றார். போன மாதக் கடைசிக்கு இருந்த மேலிடத்துப் பார்வை இப்போது இந்த மாத முடிவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. "அதுக்குள்ள யாராவது செத்தா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "வாயைக் கழுவு, நஸ்ரா. பாலத்தோரம் ரெண்டு கம்பத்துல சிவப்பு வெள்ளை பெயின்ட் அடிச்சு தண்ணி எவ்வளவுன்னு அளவு வச்சிருக்காங்கல்ல. கண்ணு இல்லையா அவங்களுக்கு?" என்றார்.

நான் சொல்லும்வரை பக்கத்தைப் பார்க்காதே. தண்ணீரைப் பார்த்துப் போ. கல்ஃபானிடமும் சொல்லிவிடு.

நஸ்ரா


மருத்துவமனை
நவம்பர் 9, ஞாயிறு

நஸ்ரா,

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தானாக வந்து தப்பு என்னுடையது என்று சொன்னவளை எப்படித் திட்டுவது? நம் வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆனால் தண்ணீரைப் பார்த்துப் போ என்று எழுதியிருக்கிறாயே, ஊரை மறந்துவிட்டாயா? தண்ணீர் இருந்தால் பார்த்துவிட்டு நிற்கலாம். அது வருவதற்கு முந்தின நிமிடம்வரை தரைப்பாலம் காய்ந்து கிடக்கும், ஆடு படுத்திருக்கும். அப்புறம் சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும்போது பாலத்தின் நடுவில் இருந்தால் முடிந்தது. உங்கள் ஜைஃபர் ஒரு நாள் வந்து நடுவில் நின்று அந்தக் கம்பத்தைப் பார்க்கட்டும்.

போகாமலும் இருக்க முடியாது. ஒரு முறை தவறினால் இவர்களுக்கு மூச்சு முட்டும், இரண்டு முறை தவறினால் ஆள் இருக்க மாட்டார்கள். உன் பக்கம் வருவதற்கு முன்னால் நாங்கள் பயந்துகொண்டே போனோம். இப்போது பயம் விட்டுப் போய்விட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுபடி மேட்டில் ஏறு என்று கல்ஃபானிடம் சொன்னேன். இரண்டு நாள் ஏறினான். மூன்றாம் நாள், "முட்டி வலிக்குதுடா, உன் தங்கச்சி எப்போ சரி பண்ணுவா?" என்று கேட்டான். ஸலீமா பின்னாலிருந்து, "ஒரு காலோட நான் வேணா ஏறிப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றாள். அதற்கும் சிரித்தான், ஆனால் ஏறினான்.

எப்போது சரி செய்வாய்?

ஹாரிப்


மஸ்கட்
நவம்பர் 26

அண்ணா,

சரி செய்துவிட்டேன்!

இன்று காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால் அலுவலகம் போய், மாற்றியதை மேலே ஏற்றினேன். ஜைஃபரைக் கேட்கவில்லை. கேட்டால் டிசம்பர் என்பார், டிசம்பர் வந்தால் ஜனவரி என்பார். இனிமேல் எட்டு நொடிக்குள் சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். "தெரியாது" என்று பெரிய எழுத்தில் வரும். பதில் வந்தால் அது எத்தனை மணித் தகவல் என்று கட்டத்துக்கு உள்ளேயே இருக்கும். சாம்பல் என்றால் மேட்டில் ஏறு. அவ்வளவுதான்.

மதிப்பெண் எழுபத்தொன்றுக்கு விழுந்துவிட்டது. பத்து மணிக்கு ஜைஃபர் பார்த்தார். கத்தவில்லை, அதுதான் மோசம். "பார்வைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது என் முதுகுல குத்திட்டே" என்று மெதுவாகச் சொன்னார். சாவியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் இரு, கூப்பிடுகிறோம் என்றார்கள். ஆனால் மாற்றியதைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவருக்கும் பயம் இருக்கிறது.

வேலை போனால் போகட்டும். மூன்று வாரமாக என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருக்கிறது. இனி நம்பலாம், அண்ணா. எல்லா ஓட்டுநர்களிடமும் சொல். இந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

நஸ்ரா


மருத்துவமனை
நவம்பர் 30, ஞாயிறு

நஸ்ரா,

உன் கடிதத்தைக் காத்திருப்புக் கூடத்தில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முதுகில் குத்திய இடம் வந்தபோது ஒருவர் கை தட்டினார். டீ கொண்டுவருகிற பெண் இனிப்புக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

உடனே என் போனில் பார்த்தேன். முதலில் பழைய மாதிரியேதான் இருந்தது. என்னடா இது என்று பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்புறம் கட்டத்துக்குள் மணி வந்தது. அழகாக இருக்கிறது. மெதுவாகத்தான் வருகிறது, பரவாயில்லை, காத்திருக்கிறோம்.

கல்ஃபான் எப்போதும்போல உள்ளே வராமல் வாசல் மதிலோரம் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, "நிஜமாவே நம்பலாமா?" என்று கேட்டான். "என் தங்கச்சி வேலையை விட்டுட்டுப் பண்ணிருக்கா, நம்பாம?" என்றேன். "அப்போ என் முட்டிக்கு விடுதலை" என்று மறுபடி படுத்துவிட்டான். ஸலீமா உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். வேலை போனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கிறதாம், அது அவளுடைய இடம்தானாம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

செவ்வாய் முதல் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலியில் சொல்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது. உம்மா உன்னைக் கேட்டாள். சும்மாதானே இருக்கிறாய், வந்து போயேன்.

ஹாரிப்


மஸ்கட்
டிசம்பர் 2, செவ்வாய், காலை 6.55

அண்ணா,

உன் போனுக்குப் பதினொரு முறை அடித்துவிட்டேன், போகவில்லை. நீ மலைக்குள் இருக்கிறாய். இதை எந்த இடத்தில் படித்தாலும் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்து.

"மூடிவிட்டு மறுபடி திறந்தேன்" என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமையே படித்தேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இன்று காலை தொழுது எழுந்தபோதுதான் உறைத்தது. நான் மாற்றியது சர்வரில். போன்களுக்குள் நான் வைத்துவிட்ட பழைய பக்கம் அப்படியேதான் இருக்கும். நல்ல நெட் உள்ள இடத்தில் ஒருமுறை திறக்க வேண்டும், அப்போது புதியது உள்ளே வந்து ஓரமாகக் காத்திருக்கும். பக்கத்தை முழுக்க மூடிவிட்டு மறுபடி திறந்தால்தான் பழையது போய்ப் புதியது வரும். மூடாதவரை பழையதுதான் ஓடும். வேகம் குறையக்கூடாது என்பதற்காக நானே அப்படி வைத்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன்.

கல்ஃபான் மூடுவதே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறான் என்று நீதான் எழுதினாய்.

அலுவலகத்தில் ஒருத்தியைக் கெஞ்சி எண்ணிக்கை பார்க்கச் சொன்னேன். இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு போன்களில் பழையது ஓடுகிறது. எது யாருடையது என்று தெரியாது. காவல் சாவடிக்குச் சொல்லிவிட்டேன், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். மருத்துவமனைக்கும் சொன்னேன், ஓட்டுநர்கள் வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். வந்தால் என்கிறார்கள், அண்ணா.

ஆறு நாற்பத்தெட்டுக்குக் கம்பம் சிவப்பு அனுப்பிவிட்டது. சர்வரில் சிவப்பு. என் போனில் சிவப்பு. இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது.

கல்ஃபானை நிறுத்து. அவன் போனைப் பிடுங்கிப் பக்கத்தை மூடு. நான் இனி நம்பலாம் என்று எழுதியதை நம்பாதே.

நஸ்ரா


ஊரில்
டிசம்பர் 4, வியாழன்

நஸ்ரா,

இதை மேட்டில் நின்று எழுதுகிறேன். டவர் ஒன்று விழுந்துவிட்டது, இங்கேதான் கிடைக்கிறது.

உன் கடிதத்தை நான் பார்த்தது ஏழரைக்கு, மருத்துவமனை வாசலில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் ஆறு இருபதுக்கு வளைவுக்கு வந்தேன். என் போனில் "தெரியாது" என்று வந்தது. இந்த மேட்டில் ஏறினேன். பச்சை, மணி ஆறு பத்தொன்பது. இறங்கித் தாண்டினேன். நீ செய்தது எனக்கு வேலை செய்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

கல்ஃபான் எனக்குப் பின்னால் நாற்பது நிமிடம் கழித்து வந்தான். அவன் வண்டியில் ஸலீமா, அப்புறம் இரண்டு பேர். அதில் முன் இருக்கையில் இருந்த தையல்காரர்தான் நடந்ததைச் சொன்னார். வளைவில் கல்ஃபான் வண்டியை நிறுத்தியிருக்கிறான். வானம் கறுத்திருப்பதைப் பார்த்து, மேட்டில் ஏறட்டுமா என்று ஸலீமாவைக் கேட்டிருக்கிறான். ஏறச் சொல்லியிருக்கிறாள். கதவைக்கூடத் திறந்துவிட்டானாம். அப்புறம் போனைப் பார்த்திருக்கிறான். "பச்சை டீச்சர். இப்போ இது பொய் சொல்லாது, ஹாரிப் தங்கச்சி சரி பண்ணிட்டா" என்று பின்னால் திரும்பி அவளுக்குக் காட்டியிருக்கிறான். கதவைச் சாத்திவிட்டு இறங்கியிருக்கிறான்.

தரைப்பாலம் காய்ந்துதான் கிடந்ததாம்.

நடுவில் தண்ணீர் வந்து இடித்ததும் மற்ற இரண்டு பேரையும் ஜன்னல் வழியாகக் கூரைமேல் ஏற்றிவிட்டான். ஸலீமாவின் நாற்காலி தரையோடு வாரால் கட்டியிருந்தது. அதை அவிழ்க்க மறுபடி உள்ளே போனான். கூரையில் இருந்தவர்களுக்கு அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "இதோ ஆச்சு டீச்சர், இதோ ஆச்சு" என்று. அவனையும் ஸலீமாவையும் நேற்றுக் காலை நான்கு கிலோமீட்டர் கீழே எடுத்தோம். நேற்றே அடக்கம் செய்துவிட்டோம்.

நம்பு என்று அவனிடம் சொன்னது நீ இல்லை, நான். நீ எழுதினாய், நான் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிச் சொன்னேன். அவன் போக்கில் விட்டிருந்தால் முட்டி வலியோடு ஏறியிருப்பான். முதல் நாள் இரவு முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஊர்க் கூடத்தில் துக்கத்துக்கு உட்கார்ந்திருக்கிறோம். நாளை கடைசி நாள். பெண்கள் பக்கம் கல்ஃபானின் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றே ஒன்று கேட்கிறாளாம், அந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று உம்மா சொன்னாள். உம்மாவுக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வருகிறவர்களுக்குக் கஹ்வாக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நானும் சொல்லவில்லை. அதை நாங்கள் சொல்லக்கூடாது.

நீ வர வேண்டும், நஸ்ரா. கடிதம் போதாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்ல வேண்டும். எனக்கு எழுதினாயே, தப்பு என்னுடையது என்று, அதே மாதிரி. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். நான் கூடத்து வாசலில் இருப்பேன்.

கீழ்த் தரைப்பாலத்தில் இன்னும் தண்ணீர் போகிறது, சில நேரம் வடிகிறது, சில நேரம் ஏறுகிறது. எந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்காதே. அக்கரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு விளக்கை இரண்டு முறை அடி. நாளை காலை எட்டு மணியிலிருந்து நான் இந்த மேட்டில்தான் நிற்பேன். ஆற்றின் மேல்பகுதியில் ஒருவனை நிறுத்தியிருக்கிறேன், தண்ணீர் வந்தால் அவன் துணி அசைப்பது இங்கிருந்து தெரியும். தாண்டலாம் என்றால் நான் இறங்கி நடந்து உன் பக்கம் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

ஹாரிப்